கவர்னருக்குத் தேத்தண்ணி கூடாது

என் மகனுக்கு,

நேற்றுக் காலை நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. துபாயில் உள்ள ஒரு பந்தயக் குதிரை நிலையம் உன்னைப் பயிற்சியாளனாக அழைத்திருக்கிறது. திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும். ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக்கொண்டே, "போறதா வேணாமான்னு யோசிக்கிறேம்மா. நீங்களும் வயசானவங்க, கவர்னரும் வயசானவரு. ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போனா யாரு பாப்பாங்க?" என்றாய். என்னையும் ஒரு குதிரையையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் நான் பேசத் தொடங்கினால் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன். சொல்ல வந்தது அங்கேயே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். கான்வென்டில் என் தையலைக் குறை சொன்ன சிஸ்டர்மார் உண்டு, என் பாட்டைக் குறை சொன்னவர்களும் உண்டு. என் கடிதத்தை யாரும் குறை சொன்னதில்லை. உறையை ஒட்டவில்லை. இதை யார் வாசித்தாலும் எனக்குக் கவலையில்லை. இதை ரேஸ் கோர்ஸுக்கு உன்னிடம் கொண்டுவரப்போகிற செல்லம்மாவே வழியில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்கத்தான் போகிறாள்.

உன் அப்பா தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு நுவரெலியாவில், தோட்டத்து எல்லையில் இந்த வீட்டைக் கட்டி, அதன் பக்கத்தில் தன் பழைய காருக்கு ஒரு ஷெட்டும் போட்டார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை வங்கியில் உட்கார்வான் என்று நான் எதிர்பார்த்ததில் என்ன பிழை? நீயோ படிப்பு முடிந்த கையோடு ரேஸ் கோர்ஸுக்குப் போய்க் குதிரைச் சாணம் அள்ளத் தொடங்கினாய். மகன் என்ன செய்கிறார் என்று கோவிலில் யாராவது கேட்டால், "விளையாட்டுத் துறையில் இருக்கிறார்" என்பேன். ஒருநாள் அதைக் கேட்ட உன் அப்பா, வீடு வரும் வரைக்கும் சிரித்தார். "சாணிக்கு நீ வச்ச பேரு நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஆனால் அது எவ்வளவு பெரிய துறை என்பது எனக்குத் தெரிந்தது, அது நின்றபோதுதான்.

சித்திரை வந்தால் பூவும் பந்தயமும் கூட்டமுமாக நம் ஊர் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த வருடம் பூக்கள் மட்டும் வழக்கம்போல வந்தன. கொரோனா வந்து ஊரடங்கு போட்டார்கள். பந்தயப் பருவம் கிடையாது என்றார்கள். பந்தயம் என்றால் ஓடுகிற குதிரை, மேலே உட்கார்ந்திருக்கிற ஜொக்கி, காசை விடுகிற முட்டாள்கள், இவ்வளவுதான் என்று நான் எண்ணியிருந்தேன். பிறகுதான் ஒவ்வொருவராகக் கண்ணில் பட்டார்கள். லாடம் அடிக்கிறவர் தன் சுத்தியலைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு மரக்கறித் தோட்டத்தில் கிழங்கு கிண்டப் போனார். சேணம் தைக்கிறவர் செருப்புத் தைத்தார். செருப்புப் போட்டுக்கொண்டு போக யாருக்கும் இடமில்லாததால் அதுவும் நின்றது. பந்தயத்துக்கென்று இந்தியாவிலிருந்து வரும் ஜொக்கிமார் வரவில்லை. அவித்த சோளம் விற்கிறவர்கள், தொப்பி விற்கிறவர்கள், அறைகளை வாடகைக்கு விடுகிறவர்கள், பேண்ட் வாசிக்கிறவர்கள், வாவிக்கரையில் பிள்ளைகளைக் குட்டைக் குதிரையில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறவர்கள், எல்லோரும் வீட்டு வாசலில் வந்து நின்று வானத்தைப் பார்த்தார்கள். மைதானத்துக்கு உள்ளே போகவே வழியில்லாத இத்தனை பேரை அந்த மைதானம் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பஸ்ஸை நிறுத்தி வைக்கலாம், கடையைப் பூட்டி வைக்கலாம். குதிரையைப் பூட்டி வைத்தால் அது சாப்பாடு கேட்கும். கொழும்பில் இருந்த குதிரைச் சொந்தக்காரர்களின் வியாபாரமும் மூடிக் கிடந்தது. முதலில் போனில் ஆறுதல் சொன்னார்கள், பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். சில குதிரைகள் வந்த விலைக்குப் போயின. சில வாவிக்கரையில் அவிழ்த்துவிடப்பட்டு, குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றன.

அப்போதுதான் நீ கவர்னரைக் கூட்டிக்கொண்டு வந்தாய். நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கேற்றுக்கு மேலாக ஒரு நீண்ட பழுப்பு முகம் என்னைப் பார்த்தது. "அம்மா, கொஞ்ச நாளைக்குத்தான்" என்றாய். "எது கொஞ்ச நாளைக்கு?" என்றேன். "இவரு." உன் அப்பா போய்ச் சேர்ந்து, காரையும் கொடுத்துவிட்டு, அந்த ஷெட்டில் நான் விறகு அடுக்கி வைத்திருந்தேன். அப்பாவின் கார் நின்ற இடத்தில் குதிரையா என்று கேட்டபோது நீ சொன்ன பதிலை நான் மன்னிக்கவே மாட்டேன். "அப்பாவோட கார் எஞ்சின்ல எட்டுக் குதிர இருக்குன்னு அவரே சொல்வாரேம்மா. இது ஒண்ணுதானே?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவள் அதற்குப் பிறகு மறுக்க முடியாது.

ஆனாலும் நான் நிபந்தனை போட்டேன். சமையலறை ஜன்னலுக்குள் தலையை நீட்டக்கூடாது. என் ஜெரேனியம் செடிகளைத் தொடக்கூடாது. நான் கயிறு பிடிக்கமாட்டேன். கிளாக்கர் மனைவி குதிரைக்காரி ஆகமாட்டாள். முதல் இரண்டும் ஒரு வாரம் தாங்கவில்லை. மூன்றாவதில் மட்டும் நான் உறுதியாக நின்றேன். ஷெட் வாசல் வளையத்தில் கயிறு கட்டும் முறையை எத்தனை தடவை எனக்குக் காட்டினாய்! "இழுத்து இறுக்கக்கூடாதும்மா. தீயோ பாம்போ வந்துச்சுன்னா ஒரே இழுப்புல அவிழணும். இந்தக் கயித்து வால இழுத்தாப் போதும், பாருங்க." நான் அடுப்பைப் பார்க்கவேண்டும் என்று உள்ளே போய்விடுவேன்.

தீனிக்கு என்ன செய்வது என்று நீ இரண்டு நாள் முகம் வாடித் திரிந்தாய். வெளிநாட்டு ஓட்ஸ் வருவதே நின்றிருந்தது. அந்த நேரத்தில்தான் மரக்கறி வியாபாரி பாரூக் நானா கேற்றில் வந்து நின்றார். கொழும்புக்கு லொறி போகாமல் அவருடைய கடை வாசலில் கரட்டும் லீக்ஸும் குவிந்து கிடந்தன.

"கிளாக்கரம்மா, ஒங்கட வீட்டுக்குப் பெரிய ஆளொருத்தர் வந்து ஈக்காராமே?"

"விருந்தாளி" என்றேன்.

"கரட் சாப்புடுவாரா?"

"கழுவிக் கொடுத்தால் சாப்பிடுவார்."

"மண்ணோட குடுத்தா?"

"என் வீட்டில் யாரும் மண்ணோடு சாப்பிடுவதில்லை, நானா."

மறுநாள் ஒரு மூட்டை கரட் கழுவியே வந்தது. உனக்கு ஒன்று சொல்கிறேன்: புதிய ஊரில் உனக்குத் தேவையானதைக் கேட்கக் கூச்சப்படாதே. கொடுக்க வழி தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள்.

பந்தயக் குதிரை நின்றே இருந்தால் கால் கெட்டுவிடும், நடக்கவேண்டும், ஓடவேண்டும் என்றாய். டவுன் ரோட்டில் கால் வைக்க முடியாது. சந்தியில் உன்னை மறித்த பொலிஸ்காரர், "உனக்குப் பாஸ் இருக்கிறது, சரி. குதிரைக்கு எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டாராம். ஊர் முழுக்க அடங்கியிருந்தாலும் தேயிலைத் தோட்டம் அடங்கவில்லை. கொழுந்து வளர்வதை ஊரடங்கு போட்டு நிறுத்த முடியாது. ஆகவே நான் நல்ல சேலை கட்டி, மாஸ்க் போட்டு, மேலே தோட்டத்துப் பெரிய துரையின் பங்களாவுக்கு நடந்து போனேன். எவ்வளவு இளம்பிள்ளை அவர்! குதிரை தோட்டத்து ரோட்டில் போக அனுமதி வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் எழுந்து நின்றே பதில் சொன்னார். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆட்கள் மலைக்கு ஏறிய பிறகு போகலாம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தைத் தாண்டக்கூடாது. ஆட்களுக்குக் கிட்டப் போகக்கூடாது. இந்த மூன்றில் கடைசியை நீங்கள் யாரும் காப்பாற்றவில்லை.

மடுவத்துக்குக் கீழே உள்ள வளைவில்தான் கொழுந்து பறிக்கும் பெண்கள் தேத்தண்ணி குடிக்க உட்காருவார்கள். முதல் நாள் நான் பின்னால் நடந்து வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? மாஸ்க்கைத் தாடைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நின்றவள் செல்லம்மா.

"யாரு இது, கிளாக்கரம்மா?"

"கவர்னர்."

"அடியே, எந்திரிங்கடி! கவர்னர் ஐயா வாராரு! இந்த மலைக்குத் தொரமாரு வந்திருக்காக, மந்திரிமாரு வந்திருக்காக. கவர்னரு இப்பதாண்டி வாராரு."

"எங்களுக்கு வீடு கட்டித் தாறேன்னு சொல்வாராக்கா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி.

"சொல்லமாட்டாரு. அதான் இவரு நல்லவரு."

அன்றிலிருந்து அவர்கள் தங்கள் மாடுகளுக்கு அறுக்கிற புல்லில் அவருக்கும் ஆளுக்கொரு பிடி வைத்தார்கள். செல்லம்மா டம்ளரால் கேத்தலைத் தட்டுவாள், டங் டங் டங் என்று. வளைவுக்குக் கீழே எங்கே இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டால் கவர்னர் காதை நிமிர்த்துவார். பிறகு அந்த ஏற்றத்தில் நீ அவரை ஓட்டுவதா, அவர் உன்னைக் கொண்டுபோவதா என்பது தெரியாது. உன் கண்டிப்பான பயிற்சியால்தான் இவ்வளவு வேகம் என்று நீ நம்பிக்கொண்டிருந்தாய். நானும் நம்பவிட்டேன்.

இடையில் ஒரு தடவை செல்லம்மா இருந்த லயத்து வரிசை வீடுகளில் நோய் வந்து, கயிறு கட்டி மூடிவிட்டார்கள். கவர்னர் வளைவில் போய் நின்று, அசையமாட்டேன் என்றார். நீ அரிசியும் பருப்பும் கொண்டுபோய்க் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வைத்தாய். "எனக்கு ஒண்ணுமில்லடா தம்பி! கவர்னர் ஐயாவ நான் வெசாரிச்சேன்னு சொல்லு!" என்று அவள் வாசலிலிருந்து கத்தியதை என்னிடம் வந்து சொன்னாய். அந்த லயத்திலிருந்து இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒருவர்தான் திரும்பி வந்தார். அந்த நாட்களைப் பற்றி நான் சிரித்துக்கொண்டு எழுதினாலும் அதை மறந்து எழுதவில்லை.

பிறகு, பந்தயம் நடக்கப்போகிறது, ஆனால் பார்வையாளர் இல்லாமல் என்ற செய்தி வந்தது. நீ வீட்டுக்குள் ஓடி வந்து என்னைத் தூக்கிச் சுற்றினாய். என் மூக்குக் கண்ணாடி விழுந்தது. கவர்னரின் சொந்தக்காரர் கொழும்பிலிருந்து போன் எடுத்தார். குதிரை முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் லாயம் தொடரும், உன் வேலையும் தொடரும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கையைக் கழுவப்போவதாகச் சொன்னார். அன்று பின்னேரம், சந்தோஷத்தில் கவர்னருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றலாம் என்று நான் தகரப் பேசினைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். நீ பின்னால் வந்தாய்.

"என்னம்மா அது?"

"தேத்தண்ணி. நாலு மணியாகிறதே."

உன் முகம் போன போக்கை நான் எப்படி எழுதுவேன்! "எத்தன நாளா?" என்றாய். வந்த நாளிலிருந்து என்றேன். சீனி போட்டு, வெதுவெதுப்பாக. "மலையிலயும் குடுக்குறாங்களா?" என்றாய். செல்லம்மாவின் டம்ளர் சத்தத்துக்கு வேறு என்ன அர்த்தம் இருக்கும் என்று கேட்டேன். நீ விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாய். தேயிலையில் உள்ள கஃபீன் பந்தயக் குதிரையின் உடம்பில் இருக்கக்கூடாதாம். இரத்தமும் சிறுநீரும் எடுத்துச் சோதிப்பார்களாம். இருந்தால் ஊக்க மருந்து கொடுத்த குற்றமாம். குதிரையை விலக்கி, உன்னையும் விலக்கிவிடுவார்களாம். மகனே, நான் பிறந்ததிலிருந்து இந்த மலையில் இருக்கிறேன். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுப்பது குற்றம் என்று அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

மறுநாள் வளைவில் போய் நானே அறிவித்தேன். கவர்னருக்குத் தேத்தண்ணி கூடாது. ஒரு சொட்டும் கூடாது.

"தேயில மலைச் சனம் தேத்தண்ணி குடுக்காம வேற எத்தக் குடுக்கும்?" என்றாள் செல்லம்மா.

"சுடுதண்ணீர் கொடு. கருப்பட்டி கொஞ்சம் போடு."

"அவருக்குத் தெரிஞ்சிரும், கிளாக்கரம்மா."

"தெரியட்டும். உன் கேத்தலில், உன் டம்ளரைத் தட்டித்தான் கொடுக்கவேண்டும். சத்தம் மாறக்கூடாது."

அவருக்குத் தெரிந்துவிட்டது. பேசினை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை, கான்வென்டில் எங்களுக்குப் பாலில்லாத கஞ்சி கொடுத்த அன்று நாங்கள் சிஸ்டரைப் பார்த்த பார்வை. ஆனால் குடித்தார். நான் காவலுக்கு நின்றேன். பாரூக் நானா, பாவம், கேற்றடியில் நின்று தன் கோப்பையை அவருக்கு நீட்டியபோது நான் போட்ட சத்தத்தில் கோப்பை கீழே விழுந்தது. மலையில் செல்லம்மா யாருடைய கையையும் நம்பவில்லை. கவர்னர் வரும்போது எல்லோருடைய போத்தலையும் மூடவைத்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டாள். பந்தயத்துக்கு முன் எடுத்த சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தபோது நீ எனக்கு அதை வாசித்துக் காட்டினாய். நான் அதைப் பெரட்டுக் களத்தில் போய் வாசித்துக் காட்டினேன். பேர் கூப்பிடுகிற கண்டாக்கையாவும் கை தட்டினார்.

பந்தயத்தன்று மைதானத்துக்குள் யாரையும் விடவில்லை. மேலே ரோட்டோர மண்மேட்டில் நாங்கள் இடைவெளி விட்டு நின்றோம்: செல்லம்மா, அவளுடைய கூட்டாளிகள், லாடம் அடிக்கிறவர், பாரூக் நானா, நான். காலியான மேடைகளைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஒலிபெருக்கி இல்லை, பேண்ட் இல்லை, சத்தமில்லை. குதிரைகளின் குளம்பொலி மண்ணுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. மாதக்கணக்கில் நின்றே கிடந்த மற்றக் குதிரைகள் சீக்கிரமே மூச்சு வாங்கின. அப்படியும் கடைசி வளைவில் கவர்னர் ஆறாவதாகத்தான் வந்துகொண்டிருந்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். இதெல்லாம் எதற்கு என்று யோசிக்கிற முகம்.

"செல்லம்மா" என்றேன். "கேத்தல்."

அவள் கொண்டுவந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்; அவள் கேத்தல் இல்லாமல் எங்கும் போகிறவள் இல்லை. டங் டங் டங். வழக்கமான சித்திரையில் இரைச்சலுக்குள் இடியே விழுந்தாலும் கேட்காது. அன்று அந்த வெறும் மைதானத்தில் டம்ளர் சத்தம் மறு கரைக்குப் போய்த் திரும்பி வந்தது. கவர்னரின் காதுகள் நிமிர்ந்தன. அதன் பிறகு நடந்ததை நீ எத்தனையோ தடவை போனில் போட்டுப் பார்த்துவிட்டாய். "வாங்க ஐயா! வாங்க ஐயா!" என்று பெண்கள் கத்த, நான் கத்தவில்லை. கொஞ்சம் உரத்துப் பேசினேன், அவ்வளவுதான். பாரூக் நானா வேறுவிதமாகச் சொல்வார், நம்பாதே. கவர்னர் இரண்டாவதாக வந்தார். முதலாவதாக வந்திருந்தால் இந்தக் கதையை யாரும் நம்பமாட்டார்கள். மண்மேட்டில் நின்று சத்தம் எழுப்பக்கூடாது என்று எந்தப் பந்தய விதியிலும் இல்லை. நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் வளைவில் அவருக்கு ஒரு முழுக் கேத்தல் தேத்தண்ணி, சீனி போட்டு. அந்த வருடத்தில் இவ்வளவு நல்ல உடம்போடு இருந்த குதிரையை வளர்த்தது யார் என்று கேட்டுத்தான் உன்னிடம் மற்றக் குதிரைகளும் வந்தன. அதிலிருந்துதான் துபாய் வரைக்கும் உன் பேர் போயிருக்கிறது. கவர்னருக்கு வயதாகி ஓட்டம் முடிந்ததும், சொந்தக்காரர் அவரை உன்னிடமே விட்டுவிட்டார். இனிச் சோதனையும் இல்லை. நாலு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் குடிக்கிறோம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். யார் பார்ப்பார்கள் என்றாய். செல்லம்மா தோட்டத்து வேலையிலிருந்து நின்றுவிட்டாள். காலையும் பின்னேரமும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். லாடம் அடிக்கிறவருக்கு வழி தெரியும். கரட் கழுவியே வரும். நீ அங்கே போனதும் யாராவது என்ன வேலை என்று கேட்டால் விளையாட்டுத் துறை என்று சொல்லாதே. அது நான் சொல்கிற பேச்சு. குதிரை பார்க்கிறேன் என்று நேராகச் சொல். மைதானத்துக்கு வெளியே நிற்கிறவர்கள் யார் யார் என்று போன முதல் வாரத்திலேயே தெரிந்து வைத்துக்கொள். அந்தக் குதிரைகளுக்கு யாரும் தேத்தண்ணி கொடுக்காமல் பார்த்துக்கொள். நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கேயும் இருப்பார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும், "அம்மா கயிறு பிடிக்கமாட்டாங்களே" என்று நீ மனதுக்குள் சொல்வாய். அதனால்தான் இன்று விடிந்து நீ ரேஸ் கோர்ஸுக்குப் போன பிறகு நான் உன் பூட்ஸைப் போட்டுக்கொண்டேன். கவர்னரை நானே அவிழ்த்து, நானே மடுவத்து வளைவு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன். நாங்கள் மெதுவாகத்தான் போனோம். இரண்டு பேருக்கும் அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. அவர் நின்றால் நான் நின்றேன், நான் நின்றால் அவர் நின்றார். வழியில் செல்லம்மா பார்த்துவிட்டாள். "கிளாக்கரம்மா, யாரு யாரக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கத்தினாள். மாறி மாறி என்றேன்.

நீ திரும்பி வரும்போது கேற்றைத் திறந்ததும் நேரே ஷெட்டுக்குப் போ. கவர்னர் வளையத்தில் கட்டப்பட்டிருப்பார். அந்த முடிச்சு நான் போட்டது. நீ எத்தனையோ தடவை காட்டியபோது அடுப்பைப் பார்க்கப் போனவள், சமையலறை ஜன்னலால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த முடிச்சின் வாலைப் பிடித்து இழுத்துப் பார். ஒரே இழுப்பில் அவிழும். அவிழ்ந்ததும் உள்ளே வா, ரொட்டி சூடாக இருக்கும். சாப்பிட்டுவிட்டு அவர்களுக்குப் போன் எடு. திங்கட்கிழமை வரைக்கும் ஏன் காத்திருக்கவேண்டும்?

அம்மா